வெயில் ஊரில் ரொட்டியை எங்கே வைப்பது?

ஏப்ரல் 9, காலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி:

"அக்கா, கோத்தகிரி வந்தால் விறகு அடுப்பு ரொட்டி வாங்காமல் நாங்கள் கீழே இறங்குவதே இல்லை. உங்கள் ஊரில் அது நாலு நாள் தாங்கும் என்கிறார்கள். இங்கே கொண்டுவந்தால் ரெண்டாம் நாள் சாயங்காலமே ஓரத்தில் பச்சை படர்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் பூசணம் வருவதில்லை. ஆனால் விறைத்துப்போய்ப் பிள்ளைகள் தொடுவதில்லை. வீட்டுக்காரர், 'மலை ரொட்டியில் தண்ணீர் அதிகம், அதனால்தான் கெடுகிறது. வெயில் ஊரில் ரொட்டிக்கு ஃபிரிட்ஜை விட்டால் வேறு இடம் கிடையாது' என்கிறார். அவர் சொல்வது சரியா?"

ஏப்ரல் 9, இரவு

பாதி சரி. ஃபிரிட்ஜ் பூசணத்தைத் தள்ளிப்போடும். ஆனால் ரொட்டியின் மென்மையை அதுவே எடுத்துவிடும்.

ரொட்டி இரண்டு விதமாகக் கெடும். ஒன்று பூசணம், இன்னொன்று விறைப்பு. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் இவ்வளவு தொல்லை. பூசணத்துக்கு வேண்டியது சூடும் ஈரமும். 25, 30 டிகிரி அதற்கு ரொம்பப் பிடித்த இடம். ஏப்ரல் மாதத்து மேட்டுப்பாளையம் வீட்டுக்குள் ராத்திரியிலும் அந்தச் சூடு இருக்கும். விறைப்பு இதற்கு நேர் எதிர். அதற்குக் குளிர்தான் வேண்டும். உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே, 4, 5 டிகிரியில் ரொட்டி மிக வேகமாக விறைக்கும். ஃபிரிட்ஜின் கீழ் அறை இருப்பது சரியாக அந்தக் குளிரில். ஐஸ் பெட்டி வேறு. மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விட்டால் பூசணமும் வளராது, விறைப்பும் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

ஆகவே நான் செய்வது இது. இன்றைக்கும் நாளைக் காலைக்கும் வேண்டியது வெளியே, மூடிய டப்பாவில். மீதி முழுக்க வாங்கிய அன்றைக்கே துண்டு போட்டு ஐஸ் பெட்டிக்குள். கீழ் அறைக்கு ரொட்டி போகவே கூடாது.

எனக்குச் சொந்த ஊர் குன்னூர். அப்பா அங்கே ஒரு பேக்கரியில் மாஸ்டராக இருந்தார். வாழ்க்கைப்பட்டது கோத்தகிரிக்கு, ஆனால் அத்தை, அதாவது மாமியார், இருப்பது உங்கள் மேட்டுப்பாளையத்தில். ஒரே கடை ரொட்டி மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் நடந்துகொள்வதை வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

ஏப்ரல் 10

இன்னொன்று. ரொட்டியை ஃபிரிட்ஜ் மேலே வைக்காதீர்கள். நிறைய வீட்டில் ரொட்டியும் பன்னும் குடியிருப்பது அங்கேதான். ஃபிரிட்ஜ் தன் வயிற்றிலிருக்கும் சூட்டை வெளியே தள்ளித்தான் உள்ளே குளிர வைக்கிறது. அந்தச் சூடு முதுகு வழியாகவும் பக்கச் சுவர் வழியாகவும் வெளியே வந்து மேலே ஏறும். கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பூசணம் வளர்க்க வேண்டும் என்று இடம் தேடினால்கூட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஏப்ரல் 12

வீட்டுக்காரர் சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மலையில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை மாஸ்டர்கள் மாவு பிசையும்போது கொஞ்சம் தண்ணீர் கூட ஊற்றுவது உண்டு, ஆனால் அடுப்பில் அது போய்விடுகிறது. அதனால் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது எதோடு என்று யோசியுங்கள். கம்பெனி பாக்கெட் ரொட்டியோடு. அதன் லேபிளில் பொடி எழுத்தில் 282 என்று ஒரு எண் இருக்கும். கால்சியம் புரோப்பியோனேட். பூசணத்தைத் தடுக்கச் சேர்ப்பது. சின்ன பேக்கரியின் விறகு அடுப்பு ரொட்டியில் பெரும்பாலும் அது இருக்காது. அது இல்லாத ரொட்டி வெயிலில் ரெண்டாம் நாள் பூப்பது இயல்பு. ரொட்டியில் குறையொன்றும் இல்லை.

விறைப்புக்கும் தண்ணீருக்கும்கூட நாம் நினைக்கிற உறவு கிடையாது. ரொட்டி காய்ந்துபோவதால்தான் விறைக்கிறது என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். 1852-லேயே பூசாங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவைத்தும் ரொட்டி விறைத்தது. விறைத்ததைச் சூடாக்கினால் மறுபடி மென்மையானது. காரணம் மாவுச்சத்து. அடுப்பில் வேகும்போது தண்ணீரைக் குடித்துக் குழைந்த மாவுச்சத்து, ஆற ஆறத் தன் பழைய ஒழுங்குக்குத் திரும்பி இறுகுகிறது. குளிர் அதை விரட்டி விரட்டிச் செய்ய வைக்கும். ஃபிரிட்ஜில் வைத்த இட்லியை எடுத்துப் பாருங்கள். ஈரம் அப்படியே இருக்கும், ஆனால் விறைத்திருக்கும். ஆவியில் வைத்தால் மறுபடி இட்லி. ரொட்டியிலும் இதேதான் நடக்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அந்த இறுக்கம் தளரும்.

தளர்ந்தது அப்படியே நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூடு பண்ணிய ரொட்டி ஆறியதும் முன்னைவிட வேகமாக விறைக்கும். அதனால் தட்டில் விழும் அளவுக்கு மட்டும் சூடு பண்ணுங்கள்.

ஏப்ரல் 20

கீழ் அறைக்கு ரொட்டி போகவே கூடாது என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. போன வாரம் அத்தை வீட்டில் இருந்தேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மேலே ஒரு சின்ன ஐஸ் பெட்டி, அதற்குள் பாதி இடத்தைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கிறது. மீதி இடத்தில் மீன், பேரனின் ஐஸ்கிரீம், ஒரு தேங்காய் மூடி. ரொட்டிக்கு இடமில்லை. மத்தியானம் கரண்ட் வேறு போனது. திரும்பி வருவதற்குள் ஐஸ் பெட்டி சொட்ட ஆரம்பித்துவிட்டது. பாதி உருகி மறுபடி உறைந்த ரொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பைக்குள் வெள்ளைப் பனித்தூள் படிந்து, எடுத்து வைத்தால் ஓரம் சொதசொதவென்றும் நடு வறண்டும் கிடக்கும். எல்லா ஐஸ் பெட்டியும் மைனஸ் 18-க்கு இறங்குவதும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில், மே மாத வெயிலில், ரெண்டு நாளுக்கு மேல் ரொட்டி இருக்கப்போகிறது என்றால் கீழ் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விறைத்த ரொட்டியைத் தோசைக்கல்லில் மீட்டுவிடலாம், பூசணம் பிடித்ததை மீட்க வழியில்லை. ஆனால் சாண்ட்விச்சுக்கு என்று அதை எடுக்காதீர்கள். கல்லுக்கும் உப்புமாவுக்கும் மட்டும். அத்தை அதைத்தான் செய்கிறார். நான் ஐஸ் பெட்டி, மாவுச்சத்து என்று பேசிக்கொண்டிருந்தபோது, "கண்ணு, நெய் விட்டுச் சுட்டா எல்லா ரொட்டியும் நல்ல ரொட்டிதான்" என்றார்.

கல்லில் சுடும்போது நெய்யை முதலில் ஊற்றாதீர்கள். தீயைக் குறைத்து, வெறும் கல்லில் ரெண்டு பக்கமும் உள்ளே சூடு போகும் வரை வைத்து, கையால் அமுக்கினால் மெத்தென்று கொடுக்கும்போது நெய் தடவுங்கள். முதலிலேயே நெய் ஊற்றினால் மேலே சிவந்துவிடும், நடு விறைப்பாகவே நிற்கும்.

ஏப்ரல் 21

எறும்புக்கு: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ரொட்டி டப்பா. எறும்புப் பொடி தூவுகிற அலமாரியில் ரொட்டியை வைக்கவே வேண்டாம்.

மே 6

சீசன் தொடங்கிவிட்டது. மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஏறுகிற மாதம். அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கியதும் வாங்க ஆள் நிற்கிறது. நேற்று ஒரு கடையில் (எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம்) சூடு ஆறாத ரொட்டியை மெஷினில் துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர் கையில் இருந்த பையின் உள்பக்கம் முழுக்க ஆவி பனித்து முத்து முத்தாக வழிகிறது. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் அது ரொட்டியின் மேல் சொட்டிவிடும். இப்படிக் கட்டின ரொட்டியை எங்கே வைத்தாலும் பயனில்லை. எனக்குக் கோபமே வந்தது. நல்ல மாவு, நல்ல விறகுச் சூடு, ராத்திரி முழுக்க ஒரு ஆள் தூங்காமல் பிசைந்த கை, எல்லாம் அந்தக் கடைசி ஐந்து நிமிட அவசரத்தில் வீணாகிறது.

அப்பா ரொட்டியை அச்சிலிருந்து தட்டி மரப்பலகைச் சட்டத்தில் சாய்த்து அடுக்குவார். ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, அடியில் காற்று போக வேண்டும். அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, வெதுவெதுப்புகூட இல்லாமல் போன பிறகுதான் கத்தி. முழு ரொட்டி ஆற ரெண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும்.

அடுப்பிலிருந்து வரும் ரொட்டியின் மேல் பூசண வித்து உயிரோடு இருக்காது. அந்தச் சூடு தாங்காது. எல்லாம் பிறகு வந்து சேர்வதுதான். காற்றிலிருந்து, கையிலிருந்து, பலகையிலிருந்து, முக்கியமாகத் துண்டு போடுகிற கத்தியிலிருந்து. முழு ரொட்டிக்கு மேலோடு ஒரு காவல். துண்டு போட்ட ரொட்டிக்கு ஒவ்வொரு துண்டும் ரெண்டு திறந்த கதவு. அதனால் கீழே கொண்டுபோகிறவர்கள் முழுதாக வாங்குங்கள். வீட்டில், கழுவித் துடைத்த கத்தியால் அறுங்கள். ஜாம் தடவின கத்தி கூடாது.

முழு ரொட்டியை ஓரத்திலிருந்து அறுக்காமல் நடுவில் ரெண்டாக வெட்டி, வேண்டிய துண்டை நடுவிலிருந்தே எடுத்து, மீதி ரெண்டு பாதியையும் முகத்துக்கு முகம் சேர்த்து வைத்தால் வெட்டுவாய் காயாது. அம்மா இப்படித்தான் செய்வார். சின்னக் குடும்பத்துக்கு நல்ல வழி.

மே 7

ரொட்டி டப்பாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மரமோ தகரமோ எதுவானாலும் சரி, அதன் மூலையில் கிடக்கிற போன வாரத்துத் தூள்தான் இந்த வார ரொட்டிக்குப் பூசணம் கொடுக்கிறது. வாரம் ஒரு தடவை தூளைத் தட்டி, வினிகர் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மேட்டுப்பாளையத்து வெயிலில் அரை மணி போதும்.

மே 19

திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதுகிறார். ரொட்டியில் பூசணம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அழுகின அன்னாசி மாதிரி ஒரு இனிப்பு வாடை, பிய்த்தால் நடுவில் பிசுபிசுவென்று நூல் இழுக்கிறது, இது என்ன என்று கேட்கிறார்.

அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுட்டும் சாப்பிட வேண்டாம். இது பூசணம் இல்லை, பாக்டீரியா. பாசில்லஸ் வகை. மண்ணிலிருந்து கோதுமைக்கும், கோதுமையிலிருந்து மாவுக்கும் வருவது. அதன் வித்து அடுப்பிலும் சாகாது, ஏனென்றால் ரொட்டியின் நடு நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆறுகிற ரொட்டி வெயிலில் 35, 40 டிகிரியிலேயே மணிக்கணக்காகக் கிடந்தால் உள்ளே முளைத்துக்கொள்ளும். குளிர் ஊரில் இதைப் பார்ப்பது அபூர்வம். குன்னூரில் இருந்தவரை எனக்கு இது தெரியாது. அப்பா கொஞ்ச காலம் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோதுதான் சித்திரை, வைகாசியில் மாவில் வினிகர் விட ஆரம்பித்தார். லேசான புளிப்பு இருந்தால் இது எழாது. புளித்த மாவில் சுட்ட ரொட்டி வெயிலைக் கூடுதலாகத் தாங்குவதற்கும் அந்தப் புளிப்பு ஒரு காரணம். பூசணமும் அதில் மெதுவாகத்தான் வரும்.

வீட்டில் ரொட்டி சுடுகிறவர்கள் கோடையில் அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விடலாம். வாயில் தெரியாது. ஒரு தடவை நூல் இழுத்துவிட்டால் மாவு டப்பா, அச்சு, பலகை எல்லாவற்றையும் வினிகரால் துடைக்காமல் அடுத்த ரொட்டி போடாதீர்கள்.

மே 20

பூசணம் பட்ட ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கூடாது. ரொட்டி துளைகள் நிறைந்த மெத்தைப் பண்டம். மேலே ஒரு ரூபாய் அளவு பச்சை தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே வெகு தூரம் போயிருக்கும். சில பூசணங்கள் விஷத்தையும் சுரக்கும், சுட்டாலும் அது முழுதாகப் போகாது. முகர்ந்தும் பார்க்காதீர்கள், இழுப்பு இருக்கிறவர்களுக்கு ஆகாது. கோழிக்கும் போட வேண்டாம்.

மே 28

முதல் கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். இப்போது வீட்டுக்காரர் ரொட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறாராம். இருட்டு, எறும்பு இல்லை, பிள்ளைகள் கையும் எட்டாது. ஒரு நாளைக்கு நல்ல இடம்தான். பாச்சை உருண்டை மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பொதிந்துவந்த செய்தித்தாளோடு வைத்ததாகவும் எழுதியிருக்கிறார். அதை உடனே பிரித்துவிடுங்கள். அச்சு மை ரொட்டியில் இறங்கும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வந்ததற்கு வெகு முன்னால். அதனால் நம் கடைகளில் பெரும்பாலும் காகிதம்தான். பழுப்புக் காகிதமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வெளுத்த மல் துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்து, வீட்டில் டப்பாவுக்கு மாற்றுங்கள். வெறும் துணியிலேயே விட்டால் மேட்டுப்பாளையத்து வறண்ட காற்று ஒரே ராத்திரியில் ரொட்டியை உலர்த்திவிடும்.

ஜூலை 11

கோத்தகிரியில் ரொட்டி நாலு நாள் தாங்கும் என்று கேள்வியிலேயே இருந்தது. மாசி, பங்குனியில் தாங்கும். இந்த மாதம் வந்து பாருங்கள். ஒரு வாரமாக மூடுபனி, சாரல். துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, உப்பு கசிகிறது. வீட்டுக்குள் 17, 18 டிகிரிதான். இருந்தும் மூன்றாம் நாள் ரொட்டியில் வெள்ளைப் பஞ்சு. குளிர் பூசணத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. ஈரம் அதற்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. அதனால் ஆனி, ஆடியில் நானும் உங்களைப் போலவே முதல் நாளிலேயே ஐஸ் பெட்டியைத் திறக்கிறேன்.

இந்த மாதத்தில் எனக்கு வர்க்கி ஞாபகம்தான். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம், ஏனென்றால் மலை பேக்கரிக்காரர்கள் சேமிப்புப் பிரச்சினைக்குக் கண்ட பதில் அது. ஈரத்தை முழுக்க விரட்டிவிடு, பூசணத்துக்கு வேலை இருக்காது. ரொறுரொறுவென்று அடுக்கடுக்காக உதிரும் வர்க்கி பூசணம் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் நமுத்துப்போகும். இந்த மூடுபனியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ போட்டு வருவதற்குள் மெத்தென்றாகிவிடும். நமுத்த வர்க்கியை வெறும் வாணலியில் சிறுதீயில் புரட்டி, முழுக்க ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் தன் ஆவியிலேயே மறுபடி நமுக்கும்.

ரஸ்கும் அதே வழிதான். விற்காத ரொட்டியைத் துண்டு போட்டு, வேலை முடிந்த விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவார்கள். காலையில் ரஸ்க். நெருப்பும் வீணில்லை, ரொட்டியும் வீணில்லை.

ஜூலை 12

நேற்று ரஸ்கைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. வெயில் ஊர்க்காரர்கள் வெயிலை எதிரியாகவே நினைக்க வேண்டியதில்லை. மலையில் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. வத்தல் போடுகிற மொட்டைமாடி. மிஞ்சும் என்று தெரிந்த ரொட்டியை அன்றைக்கே சின்னச் சதுரமாக வெட்டி, தாம்பாளத்தில் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி, பதினோரு மணி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் கையால் ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் மறுநாளும் வைக்க வேண்டும், ராத்திரி உள்ளே எடுத்துவிட்டு. காற்றுப்புகாத டப்பாவில் மாதக்கணக்கில் நிற்கும். பொடித்தால் கட்லெட்டுக்கு, நெய்யில் வறுத்தால் சூப்புக்கு, பால் ஊற்றினால் பிரெட் அல்வாவுக்கு. பூசணம் தொட்டதை மட்டும் காயவைக்காதீர்கள், காய்ந்தாலும் அது அதுதான்.

ஆகஸ்ட் 3

கீழே போகிற பயணத்தைப் பற்றி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். சுமார் 1,800 மீட்டரிலிருந்து 300 சொச்சத்துக்கு இறங்குகிறோம். மேலே ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது அதற்கு எதிர். மேலே இறுக்கிக் கட்டின பைக்குள் காற்று, அழுத்தக் கணக்கில் சுமார் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். குஞ்சப்பனை தாண்டுவதற்குள் பை ரொட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறாத ரொட்டியாக இருந்தால் பையில் பனித்த ஈரம் முழுக்க மேலோட்டில் அப்பிக்கொள்ளும். பையின் வாயைத் தளர விட்டுக் கொண்டுபோங்கள். கார் பின்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள், அங்கே வெயில் நேரே விழும். பேருந்தில் வருகிறவர்கள் இஞ்சின் பக்கமும் வேண்டாம்.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கும்போதும் ஈரம்தான் கவனிக்க வேண்டியது. உறைந்த துண்டைத் திறந்து தட்டில் வைத்தால் காற்றின் ஈரம் அதன் மேலேயே படியும். பையை மூடியபடியே வெளியே வைத்தால் ஈரம் பைக்கு வெளியே படியும், ரொட்டி தப்பிக்கும். அவசரமென்றால் உறைந்த துண்டை நேரே கல்லில் போடுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. உறைய வைக்கும்போது ரெண்டு துண்டுக்கு நடுவே பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள், வேண்டியதை மட்டும் பிரித்து எடுக்கலாம். ரெண்டு, மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் ஐஸ் பெட்டியின் மீன் வாடை ஏறிவிடும்.

அக்டோபர் 30

282 போட்ட ரொட்டி விஷம் என்று ஒருவரும், 282 இல்லாமல் வெயில் ஊரில் ரொட்டியே சாப்பிட முடியாது என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறீர்கள். ரெண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. புரோப்பியோனேட் அளவோடு சேர்க்க அனுமதிக்கப்பட்டது, சில பாலாடைக்கட்டியில் இயற்கையாகவே இருக்கிற அமிலத்தின் உப்பு. விலக்கப்பட்டது பொட்டாசியம் புரோமேட், அது வேறு சரக்கு. மாவைப் பொங்க வைக்கச் சேர்த்தது. இந்தியாவில் 2016-இல் தடை செய்தார்கள். ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். என் வீட்டுக்கு நான் 282 இல்லாததைத்தான் வாங்குகிறேன். அது ருசிக்காக, பயத்துக்காக இல்லை. கடைக்காரர் காலையில் சுட்டதைச் சாயங்காலத்துக்குள் வாங்கிவிட முடிகிற ஊரில் அது சாத்தியம். வாரம் ஒரு முறை சந்தைக்கு வருகிறவர்களுக்குப் பாக்கெட் ரொட்டிதான் வழி, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நவம்பர் 16

எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு அக்கா கேட்டதற்கு. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு, ஐப்பசி மழை விடவில்லை, மண்பானையில் வைக்கலாமா என்றார்.

பானை வேண்டாம். பானை குளிர்வது அதன் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால். தக்காளிக்கும் கீரைக்கும் அருமை. ரொட்டிக்கு அந்த ஈரமே எமன். பழைய பிஸ்கட் தகர டின் சிறந்தது. அடியில் சுத்தமான துணி ஒன்று விரித்து, தினமும் மாற்றுங்கள். டின்னை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் உயரமாக வையுங்கள். ரெண்டு நாளுக்கு மேல் ரொட்டி வாங்காதீர்கள். மிஞ்சினால் அன்று ராத்திரி சமையல் முடிந்த விறகடுப்பின் மேல் கம்பி வலையில் துண்டுகளை அடுக்கி ரஸ்க் ஆக்கிவிடுங்கள். உங்களிடம் அந்த அடுப்பு இருக்கிறது, எங்களிடம் இல்லை.

பன் விறைத்தால்: தண்ணீர் கையால் லேசாகத் தெளித்து, துணியில் சுற்றி, இட்லிப் பானையில் ரெண்டு, மூன்று நிமிடம். பாலில்லாத டீயோடு சூடாகச் சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜனவரி 8

தங்கை உதகையில், காந்தல் பக்கம். உறைபனி விழுகிற இடம். நேற்று போனில், கடைக்காரர் பழைய ரொட்டியைக் கொடுத்துவிட்டார், காலையில் பார்த்தால் கட்டை என்று சண்டைக்குப் போகத் தயாராக இருந்தாள். ரொட்டியை எங்கே வைத்தாய் என்றேன். சமையலறை ஜன்னல் ஓரம். ராத்திரி அங்கே என்ன குளிர் இருக்கும்? ஆறோ ஏழோ டிகிரி. ஃபிரிட்ஜின் கீழ் அறைக்குள்ளேயே அவள் சமையலறை இருக்கிறது. ரொட்டி புதிதாகத்தான் இருந்திருக்கும், ஒரே ராத்திரியில் விறைத்துவிட்டது. பூசணம் ஒரு வாரமானாலும் வராது, ஆனால் மென்மை மறுநாள் இருக்காது. வெயில் ஊரின் கணக்கு அப்படியே தலைகீழ். அவளுக்கு நான் சொன்னது: துணியில் சுற்றி, மூடிய டப்பாவில், வீட்டிலேயே கதகதப்பான அறையில் வை. மார்கழி, தையில் டிவி பக்கத்து அலமாரியில்கூட வைக்கலாம். கடைக்காரரிடம் போக வேண்டாம்.

உறைபனி மாதத்தில் மேலே தங்க வருகிற வெயில் ஊர்க்காரர்களும் இதைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் செய்ததை இங்கே செய்யாதீர்கள்.

ஜனவரி 19

தேங்காய் பன்னைப் பற்றிக் கேட்டவருக்கு. உறைய வைக்கலாம், கெட்டுப்போகாது, ஆனால் உருகும்போது பூரணத்தின் ஈரம் அடிப்பக்கம் இறங்கிப் பன் ஊறிவிடும். வெளியே வைத்தால் ரொட்டிக்கு முன்னால் தேங்காய்தான் கெடும், வெயில் ஊரில் மறுநாளே சிக்கு வாடை வரும். வாங்கிய அன்றே சாப்பிடுங்கள். கிரீம் பன்னுக்கும் அதே.